கேஜ் கீழே விழுந்த நாள்

எண்பதுகளின் கடைசியில் அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு ஷெட்டில் சூப்பர்வைசராக இருந்தேன். டிராக்டருக்கு புஷ் என்கிற, நடுவில் துளையுள்ள உலோக வளையம் செய்துகொடுப்பது எங்கள் வேலை. அளவு சரிபார்க்கும் இன்ஸ்பெக்டர் வேலையை விட்டுப் போய்விட்டதால், புது ஆள் வரும்வரை பேக்கிங்கில் இருந்த பல்கீஸ் அம்மாவைச் செக்கிங்கில் உட்கார வைத்திருந்தேன். பூந்தமல்லியிலிருந்து வருவார். எட்டாவது வரை படிப்பு. கணவர் தவறிப்போனபின் இரண்டு பிள்ளைகளுக்காகத் தினக்கூலியில் சேர்ந்தவர்.

ஒரு மத்தியானம் பெட்டிகளை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தபோது அவர் என் மேஜையண்டை வந்து நின்றார்.

"அண்ணே, காலைல பிளக் கேஜ் கைதவறி உழுந்துட்ச்சி. தொடச்சி வெச்சிட்டு அதாலயே எல்லாத்தையும் பாத்துட்டேன். யாரும் பாக்கல. ஆனா மனசு கேக்கல."

பிளக் கேஜ் என்பது, துளை சரியான அளவில் இருக்கிறதா என்று உள்ளே விட்டுப் பார்க்கும் எஃகு உருளை. கீழே விழுந்து முடியளவு பிசிறு வந்தாலும் அது பொய் சொல்லும். பெட்டிகளை இறக்கச் சொன்னேன்.

"இன்னா நைனா, ஏத்து ஏத்துன்னு நீதான தொரத்தின? இப்ப எறக்குன்ற," என்றார் லோடுமேன்.

கேஜைச் சோதனைக்கு அனுப்பினோம். மறுநாள் பதில் வந்தது. ஒரு குறையும் இல்லை. லாரி காலியாகப் போனதுதான் மிச்சம்.

முதலாளி கூப்பிட்டார். மேஜைமேல் டிப்ளமா படித்த இருவரின் விண்ணப்பங்கள் இருந்தன.

"ஒண்ணுமில்லாததுக்கு ஒரு நாள் போச்சு. படிக்காதவங்கள உக்கார வெச்சா இப்படித்தான். அந்தம்மாவ நாளைலேர்ந்து வரவேணாம்னு சொல்லிடு. இதுல ஒருத்தன எடு, அந்தோணி."

"சார், அந்த வேலைய அந்தம்மாவுக்கே பர்மனென்ட்டா குடுங்க."

"உனக்கு இன்னிக்கு என்னய்யா ஆச்சு?"

கழுத்திலிருந்த மாதா சுரூபத்தைத் தொட்டுக்கொண்டேன்.

"நாலு வருஷம் முன்னாடி அதே கேஜ நான் கீழ போட்டேன் சார். தொடச்சி வெச்சிட்டேன். லோடும் போயிடுச்சு. ஐ.டி.ஐ. சர்டிபிகேட் என்கிட்ட இருந்துது. சொல்ல வாய் வரல."

சர்ச்சில் பாவசங்கீர்த்தனத்தின்போது பங்குச் சாமியாரிடம் அப்போதே சொல்லியிருந்தேன். சொல்ல வேண்டியவரிடம் அன்றுதான் சொன்னேன். வேலை போனால் வீட்டில் மனைவியிடம் என்ன சொல்வது என்றுதான் யோசனை ஓடியது.

முதலாளி நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"அப்ப வெளிய அனுப்ப வேண்டியது உன்னைத்தான்."

"ஆமாங்க சார்."

விண்ணப்பங்களை எடுத்து டிராயரில் போட்டார்.

"நீயும் அந்தம்மாவும் போய் வேலையப் பாருங்க."

பல்கீஸ் அம்மா பதினோரு வருஷம் அந்த நாற்காலியில் இருந்தார். அளவுகள் குறித்த டிராயிங்கைப் பார்த்துப் புரிந்துகொள்ள நான் கற்றுக்கொடுத்தேன். இரண்டு மாதத்தில் பிடித்துக்கொண்டார்.

ஆள் எடுக்கும் இடத்தில் இன்று இருக்கிற தம்பி தங்கைகளே, சர்டிபிகேட்டைப் பாருங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் செக்கிங் பெஞ்சிலிருந்து என் மேஜைக்குப் பத்தடி தூரம். அந்தம்மா அதை ஒரே மத்தியானத்தில் நடந்து வந்தார். முதலாளியின் மேஜைக்கு நான் நடந்து போக நாலு வருஷம் ஆனது.