மூன்று தலைப்பும் ஒரு தையல் மெஷினும்

என் புருஷன் நல்லரத்தினம் பிரசங்கத்துக்கு ஆயத்தம் பண்ணுகிற கிழமையில் எங்கள் வீட்டில் ஒருவருக்கும் நிம்மதி இருக்காது. வவுணதீவில் எங்கள் சபைக்கு முழுநேரப் போதகர் இல்லை. மாதத்தில் இரண்டு ஞாயிறு இவர்தான் பேசுவார். மற்ற நாளில் வயல்காரர். செவ்வாய்க்கிழமை வசனம் எடுப்பார். புதன் அதை மூன்று தலைப்பாகப் பிரிப்பார். வியாழன் ஒவ்வொரு தலைப்புக்கும் ஓர் உதாரணம் தேடுவார். வெள்ளியும் சனியும் வயல் வட்டையில் வரம்பு நெடுகிலும் நடந்து கொக்குகளுக்குப் பிரசங்கிப்பார். முப்பது வருஷம் இதே கூத்து. இரண்டாம் தலைப்பில் பாதிச் சபை தூங்கும், மூன்றாவதில் நானும் தூங்குவேன். ஆனால் அந்தப் பிரசங்கங்களால் ஒருத்தருக்கும் ஒரு கெடுதி வந்ததில்லை. அதை இப்போதுதான் யோசிக்கிறேன்.

போன வருஷம் டவுனில் பிரசங்கிமாருக்கு மூன்று நாள் பயிற்சி வைத்தார்கள். படிப்பிக்க வந்தவர், தலைப்புப் பிரிக்கிற காலம் போய்விட்டது, கதையாகச் சொல்லுங்கள், உங்கள் ஊர் ஆள் ஒருவரை எடுங்கள், பெயரை மட்டும் மாற்றிவிடுங்கள் என்றாராம். மனுஷன் பெருநாளுக்குப் புதுச்சட்டை கிடைத்த பிள்ளை மாதிரி வந்து நின்றார்.

"இனித் தலைப்பு இல்ல, புள்ள. கதைதான்."

"கதைக்கு எங்க போவீங்க?"

"அதெல்லாம் இரிக்கி."

இருந்தது மேனுகாவின் கதை. மேனுகா எங்கள் சபைப் பெண். புருஷன் நிலோஜன் கட்டாரில். இவள் தையல் மெஷின் மிதித்து நாலு வயது மகளை வளர்க்கிறாள். ஐந்து மாதம் அவனிடமிருந்து ஒரு போனும் வராமல் இருந்தபோது, ஒரு விடியற்காலை பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாவிப் பாலத்தில் போய் நின்றிருக்கிறாள். பிள்ளை பசிக்கிறதென்று அழுததும் திரும்பி வந்துவிட்டாள். அதை இவரிடம் மட்டும் சொல்லி, தனக்காக ஜெபிக்கக் கேட்டிருந்தாள். எனக்குக்கூட அது தெரியாது.

அடுத்த ஞாயிறு இவர் அதைப் பிரசங்கமாகச் சொன்னார். பெயரை நகோமி என்று மாற்றினார். கட்டாரை மாற்றவில்லை, மெஷினை மாற்றவில்லை, பிள்ளையின் வயதைக்கூட மாற்றவில்லை. நாற்பது பேர் வருகிற சபையில் தையல் மெஷின் வைத்திருப்பவள் ஒருத்திதான். அன்றைக்கு ஒருவரும் தூங்கவில்லை. எல்லாத் தலையும் மேனுகா இருந்த மூன்றாவது வாங்குப் பக்கம் திரும்பியது. மேனுகா குனிந்தபடி மகளின் சட்டைப் பொத்தானைக் கழற்றிக் கழற்றிப் பூட்டிக்கொண்டிருந்தாள். எழும்பிப் போய் இவரின் வாயைப் பொத்த வேண்டும்போல எனக்கு ஆத்திரம் வந்தது. பாவி நான், இருந்த இடத்திலேயே இருந்துவிட்டேன்.

உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியுமா? மூன்றாம் நாள் உன்னிச்சையிலிருந்து மேனுகாவின் மாமியார் சீதேவிப்பிள்ளை ஓட்டோவில் வந்து இறங்கினாள். அவள் சபைக்காரி இல்லை, யாரோ சொல்லிவிட்டார்கள். "தண்ணிக்குள்ள போடப் பாத்தவளிட்ட எண்ட பேத்திய விடமாட்டன்" என்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அதற்குப் பிறகு மேனுகா சாப்பிடவுமில்லை, தைக்கவுமில்லை.

இவர் என்ன செய்தார் தெரியுமா? பிரசங்கக் கொப்பியை எடுத்து எழுதத் தொடங்கினார். வருகிற ஞாயிறு சபைக்கு முன்னால் மன்னிப்புக் கேட்கப் போகிறாராம். எட்டிப் பார்த்தேன். ஒன்று, என் குற்றம். இரண்டு, அவளின் வேதனை. மூன்று, நமது கடமை.

"மன்னிப்புக்கும் மூண்டு தலைப்பா?" கொப்பியைப் பறித்தேன். "நீங்க மன்னிப்புக் கேட்டா, அது அவள்தான் எண்டு ரெண்டாந்தரம் சொன்ன மாதிரி. தெரியாத நாலு பேருக்கும் தெரிஞ்சிரும்."

அவர் அதை யோசிக்கவே இல்லை. முகம் செத்துப்போயிற்று. "அப்ப நான் என்ன செய்யட்டும்?"

"வெளிக்கிடுங்க. உன்னிச்சைக்குப் போவம்."

மோட்டார் சைக்கிளில் போகும் வழியெல்லாம் வாய்க்குள் ஏதோ சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தார். சீதேவிப்பிள்ளை முற்றத்தில் நெல் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். பிள்ளை பாயின் மூலையில் ஒரு சத்தமும் இல்லாமல் இருந்தது. எங்களைக் கண்டதும் ஓடி வரவுமில்லை.

"ஐயா, ஒண்டு மட்டும் சொல்லுங்க" என்றாள் சீதேவிப்பிள்ளை. "நீங்க சொன்னது எண்ட மருமகளையா? இல்லையெண்டா இப்பவே புள்ளையக் கூட்டிப் போங்க."

இவருக்குப் பொய் சொல்ல வராது. உண்மையைச் சொன்னால் பிள்ளை கிடைக்காது. எனக்குப் பொறுக்கவில்லை.

"பாலத்துல போய் நிண்டது நான்" என்றேன்.

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"ஆளத் தெரியக்கூடாதெண்டு இவர் மெஷினையும் கட்டாரையும் சேத்துச் சொல்லிட்டார். பழி ஒங்கட மருமகள்ற தலையில விழுந்திட்டு."

"நீங்க ஏன்கா பாலத்துல போய் நிக்கணும்?"

"எண்ட மூத்த பொடியன் காய்ச்சல்ல செத்த வருஷம். இளையவ இடுப்புல இருந்தா. ரெண்டு தரம் போனன்."

சீதேவிப்பிள்ளை என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளும் பெற்றவள்தானே. உள்ளே போய்ப் பிள்ளையின் உடுப்புப் பையை எடுத்து வந்து என் கையில் தந்தாள்.

பிள்ளையைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது மேனுகா இவரை நிமிர்ந்தும் பார்க்கவில்லை. மகளை வாங்கி இறுக்கிப் பிடித்துக்கொண்டு கதவைச் சாத்தினாள். அது நியாயம்தான். நானாக இருந்தால் இரண்டு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் சாத்தியிருப்பேன்.

எங்கள் வாசலில் இறங்கியதும் இவர் மெல்லச் சொன்னார். "எனக்காகப் பொய் சொல்லிட்டாய், புள்ள. கர்த்தர் மன்னிப்பார்."

"பிரசங்கத்துல சொன்னது என்னையெண்டதுதான் பொய். பாலத்துல நிண்டது பொய்யில்ல."

சாவியை எடுக்கப் போன கை அப்படியே நின்றது. என் பக்கம் திரும்பிக் கேட்டார். "எப்ப?"

"நீங்க கல்லடிச் சபையில ஆறுதலப் பத்திப் பேசப் போன ஞாயிறு. பின்னேரம் திரும்பி வந்தீங்க. சோறு போட்டன். நல்லாப் பேசினன் எண்டு சொன்னீங்க."