குடைக்கம்பிப் பாலம்

“நான் ஒரு பாலம் கட்டினா கட்டினதுதான். எந்தச் சக்தியாலயும் ஒரு அங்குலம் அசைக்க முடியாது!”

பாலத்தார் இப்படி முழங்கியபோது சபையில் இருந்தவர்கள் மூன்று பேர்: அவர் மனைவி, மனைவியின் தம்பி, மதில்மேல் ஒரு பூனை. பூனை மட்டும் கடைசிவரை கேட்டது.

பாலத்தார் முப்பத்தொரு வருடம் அலுவலகத்தில் உட்கார்ந்து, பிறர் வரைந்த பாலங்களைச் சரிபார்த்து முத்திரை குத்தியவர். சொந்தமாக ஒரு சாக்கடைக்குக் குறுக்கே பலகைகூடப் போட்டதில்லை. ஓய்வு பெற்ற மறுமாதமே வீட்டுக்குப் பின்னால், செடிகளைச் சுற்றிப் பொம்மை ரயில் ஓட ஆரம்பித்துவிட்டது. ரயிலும் தண்டவாளமும் கடையில் வாங்கியவை. பாலத்துக்கும் செலவழிப்பது அவர் கொள்கைக்கு விரோதம். தெருவில் யார் குடை உடைந்தாலும் துக்கம் விசாரிக்க முதல் ஆளாகப் போய்க் கம்பிகளோடு திரும்புவார். குடித்துப் போட்ட பேப்பர் கப்பில் சிமெண்டை ஊற்றிக் காயவைத்து, ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டினால் தூண்.

நாலாவது பாலம்தான் பெரியது. சமையலறைக் கதவிலிருந்து துணி காயப்போடும் கொடிக்குப் போகும் பாதையின் குறுக்கே, முழங்கால் உயரத்தில் நின்றது. கீழே எவ்வளவு இடைவெளி வேண்டும் என்று முறைப்படி கணக்குப் போட்டிருந்தார். பூனை தாராளமாகப் போய் வந்தது. மனைவி கணக்கில் விட்டுப்போயிருந்தாள்.

“மாமா, அக்கா எப்படிப் போவா?” என்றான் மச்சான்.

“தாண்டிப் போகட்டும்.”

“தவழ்ந்து போகச் சொல்லலையே, பெரிய மனசு உங்களுக்கு.”

அக்காவுக்கு இடது முழங்காலில் வலி. சண்டை போடவும் தெம்பில்லை. ஈரத்துணி வாளியோடு முன்வாசல் வழியாக வீட்டையே சுற்றிப் போனாள். ஒன்பது மாதம் போனாள். ஒருநாள் காலையில் முழங்கால் பூசணியாக வீங்கி, எழுந்திருக்க முடியவில்லை.

வாளி பாலத்தார் கைக்கு வந்தது. பாலத்தின் முன் நின்று காலைத் தூக்கினார். கால் பாதி உயரத்தில் யோசித்துவிட்டு இறங்கிவிட்டது. சுற்றிப் போனார். போர்வைகளுக்கு இன்னொரு நடை. மூன்றாவது நடைக்குக் கிளம்பும்போது மூச்சு வாங்கியது; வாளியைப் பாலத்தின்மேலேயே இறக்கி வைத்தார். பாலம் ஆடவில்லை, அசையவில்லை, சொன்ன சொல்லைக் காப்பாற்றியது. அன்றைக்குத்தான் அதன்மேல் அவருக்கு வெறுப்பு வந்தது.

“தினமும் இவ்வளவு தூரமா?” என்று ஜன்னலைப் பார்த்துக் கேட்டார்.

“அதே தூரம்தான்,” என்றது கட்டில். “உங்களுக்குத்தான் புதுசு.”

அவர் ஸ்குரூ டிரைவரோடு தரையில் உட்கார்ந்தார். எழுந்திருப்பதைப் பற்றி அப்புறம் யோசித்துக்கொள்ளலாம். குடைக்கம்பிகள் வந்துவிட்டன. தூண்கள்தான் லேசில் வரவில்லை. மனிதர் அவ்வளவு நன்றாகக் கட்டியிருந்தார்.

“என்னங்க அங்க சத்தம்?”

“பராமரிப்பு வேலை.”

“எத்தனை நாளைக்கு?”

கடைசித் தூணும் பெயர்ந்து வந்தது. தண்டவாளம் அறுந்த இரண்டு முனைகளிலும், ரயில் விழாமலிருக்க, ஒவ்வொரு செங்கல்லை வைத்தார். பிறகு சுவரைப் பிடித்து எழுந்து, வாளியை எடுத்துக்கொண்டு, கொடிக்கு நேராக நடந்தார்.