கடைசி ஆள் வரலை

செலிங் அக்கா எங்கள் கலபான் ஊர் உயர்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர். ஊரில் பாதிப் பேர் அவளிடம் காதைக் கொடுத்துத் திருகு வாங்கியவர்கள். விடுமுறை வந்தால் எங்கள் மலையேறும் குழுவுக்கு அவள்தான் வால். அதாவது, வரிசையின் கடைசியில் நடப்பவள். உச்சியில் கொடியோடு எடுத்த படம் எதிலும் அக்கா இருக்கமாட்டாள். எவனாவது முட்டி பிசகி வழியில் உட்கார்ந்திருப்பான், அவனோடு இருப்பாள்.

"இத்தனை வருஷமாகியும் ஹால்கோன் மலை உச்சியைப் பாக்கலையாமே, வெக்கமா இல்லையா அக்கா?" என்று சீண்டுவோம்.

"அது அங்கயேதான்டா இருக்கு. நீங்கதான் வழியில காணாமப் போறீங்க."

அவள் முதல் முதலாக மலையேறிய அன்று அவள்தான் கடைசி. ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. பொழுது சாயும் வரை பாதை தெரியாமல் தனியாக அழுதிருக்கிறாள். அதற்குப் பிறகு அந்த இடத்தை அவள் யாருக்கும் விட்டுக் கொடுத்ததில்லை. ஒரு சட்டமும் அவள் கொண்டுவந்ததுதான்: ஒவ்வொரு நிறுத்தத்திலும் முன்னால் போகிறவர் "கடைசி?" என்று கேட்க வேண்டும். வால் "வந்தாச்சு" என்று சொல்லாமல் யாரும் அடுத்த அடி வைக்கக்கூடாது.

போன வருஷம் மணிலாவிலிருந்து வந்த சிலரையும் கூட்டிக்கொண்டு ஹால்கோன் போகும் வழியில் ஆற்றங்கரைக்கு வந்தோம். மேலே பளிச்சென்று வெயில். தண்ணீர் முழங்கால் அளவுதான், ஆனால் கலங்கியிருந்தது. பச்சை இலைகள் கொத்துக் கொத்தாக மிதந்து வந்தன. தலைவன் ரொதெல் கயிற்றோடு ஒரு காலை ஆற்றில் வைத்துவிட்டு, "கடைசி?" என்றான்.

அக்கா கொஞ்சம் தள்ளி மூட்டையை இறக்கி அதன் மேல் உட்கார்ந்தாள்.

"வரலை."

"கண்ணு முன்னாடிதானே உக்காந்திருக்கீங்க!"

"உக்காந்திருக்கேன். வந்துட்டேன்னு சொன்னேனா?"

"அக்கா, விளையாடாதீங்க. இவங்க மணிலாலேர்ந்து லீவு போட்டு வந்திருக்காங்க."

"மலை மேல எங்கயோ மழை கொட்டுது, வெள்ளம் வரும். இலை பச்சையா வருது, பாரு. நான் எழுந்திரிக்க மாட்டேன். வேணும்னா சட்டத்தை மீறிட்டுப் போ."

ரொதெல் போகவில்லை. அவனும் அவளிடம் காதைக் கொடுத்தவன்தான். வாழையிலையில் கட்டிவந்த சோற்றை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு தின்றோம். வெள்ளம் வரும் வரும் என்று பார்த்தோம். வரவே இல்லை. மத்தியானம் தண்ணீர் தெளிந்தே போனது. ஆனால் உச்சிக்குப் போக நேரம் மிஞ்சவில்லை. மணிலாக்காரர்கள் இறங்கும் வழியெல்லாம் எங்களைத் திட்டிக்கொண்டே வந்தார்கள்.

ஊர் திரும்பியதும் ரொதெலின் மோட்டார் பைக் கடை முற்றத்தில் எங்கள் குழு கூட்டம் போட்டது. அக்கா மன்னிப்புக் கேட்க வேண்டுமாம். இல்லாவிட்டால் வால் வேலை பறிபோகும்.

"ஆறு ஏறலையே அக்கா. தப்புன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க, முடிஞ்சுது" என்றான் ரொதெல்.

"ஏறலை. அதனால நான் பண்ணது தப்பாயிடுமா? நாளைக்கே அதே தண்ணி, அதே இலைன்னா அங்கயேதான் உக்காருவேன்."

தட்டிலிருந்த நூடுல்ஸை நிதானமாகத் தின்று முடித்துவிட்டுக் கிளம்பிப் போனாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அனுபவசாலி என்றால் எத்தனை உச்சி என்றுதான் இவர்கள் கேட்கிறார்கள். எத்தனை தடவை திரும்பி வந்தாய் என்று ஒருவனும் கேட்பதில்லை. அவளை வாலிலிருந்து எடுக்க ஓட்டுக் கேட்டபோது நான் எதிர்த்துக் கை தூக்கினேன். என் ஒரு கையால் என்ன ஆகும்?

அடுத்த பயணத்துக்கு விடியற்காலையில் ஜீப்னி வண்டியிலிருந்து இறங்கினால், அக்கா மூட்டையோடு நிற்கிறாள். ரொதெல் நெளிந்தான்.

"இப்ப டிண்டோதான் வால், அக்கா. நீங்க நடுவுல நடங்க."

"வயசாச்சு தம்பி. மெதுவாத்தான் வருவேன்."

நேராகப் போய், வரிசைக் கடைசியில் நின்ற டிண்டோவுக்குப் பின்னால் நின்றுகொண்டாள். அவன் நின்றால் நின்றாள். அவன் ஒதுங்கி வழிவிட்டால் செருமிக்கொண்டு அவளும் ஒதுங்கினாள்.

முதல் நிறுத்தத்தில் ரொதெல் கத்தினான்: "கடைசி?"

டிண்டோ வாயைத் திறந்தான். திரும்பிப் பார்த்தான். அக்கா குனிந்து ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"என்னை ஏன் கேக்கறீங்க?" என்றான் டிண்டோ. "கடைசி ஆள் என் பின்னாடி நிக்கறாங்க."

வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அக்கா அவசரப்படவில்லை. அடுத்த ஷூவையும் அவிழ்த்து இறுக்கிக் கட்டினாள். அதுவரை ஒருவரும் நகரவில்லை.

"வந்தாச்சு," என்றாள். "நடங்கடா."