சந்தோஷம் சொல்லாமல் தேத்தண்ணி இல்லை

வெட்கத்தை விட்டு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிலோமினா அக்கா போய்விட்டார் என்று செல்வி போனில் அழுதபோது, நான் கொட்டாஞ்சேனையில் ஒரு சலூனில் இருந்து தலைக்கு மை பூசிக்கொண்டிருந்தேன். எழும்பினேன். "பொட்டக் இன்ன, அய்யே!" என்று, கொஞ்சம் பொறுக்கும்படி சிங்களத்தில் கெஞ்சி, சலூன்காரன் தோளைப் பிடித்து அமர்த்தப் பார்த்தான். ஒரு பக்கம்தான் முடிந்திருந்ததாம். நான் நிற்கவில்லை. வலப்பக்கம் கறுப்பு, இடப்பக்கம் வெள்ளை, கழுத்தில் சலூன் துணி. அந்தக் கோலத்தில் அக்கா வீட்டு வாசலில் போய் நின்றேன். ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த பெண்கள் என்னைக் கண்டதும் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அழுகைக்காகப் பொத்தவில்லை.

அக்கா இருந்திருந்தால் அந்த வெள்ளிக்கிழமைச் செபக் கூட்டத்தில் முதல் வேலையாக இதைத்தான் சொல்லியிருப்பார்.

பங்குச் சனத்துக்காகப் பாதர் என்னை இதை எழுதச் சொன்னார். "ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு நிம்மதி கொடுத்தவன் நான், பாதர்" என்றேன். "கடைசிக் காலத்தில அவவின்ர வாயா இருந்தது நீதானே" என்றார். அது எப்படி வந்தது என்று அறியாதவர்களும் உங்களில் இருப்பீர்கள். சொல்கிறேன்.

அக்கா ரோல்ஸ், பற்றிஸ் என்று சிற்றுண்டி செய்து வெள்ளவத்தைக் கடைகளுக்குக் கொடுத்துப் பிழைத்தவர். ஒவ்வொரு நாள் காலையிலும் என்னுடைய த்ரீவீல் ஆட்டோவில்தான் போவார். என் வண்டி போடும் சத்தத்தில் பின்சீட்டில் இருப்பவர் கத்தினாலும் எனக்குக் கேட்காது. அக்காவோ கோட்டை தாண்டி, கோல் ரோடு முழுக்க வாய் மூடமாட்டார். ஆகவே வண்டிக் கண்ணாடியில் அவருடைய உதட்டைப் பார்த்து விளங்கிக்கொள்ளப் பழகினேன். வெள்ளவத்தைக்குள் நுழைந்தால், கடற்கரைக்கு இறங்கும் ஒவ்வொரு ஒழுங்கையைக் கடக்கும்போதும் கட்டடங்களுக்கு இடையில் ஒரு துண்டுக் கடல் தெரிந்து மறையும். அக்கா கைதட்டுவார்.

"ரூபன், பாத்தியோ! இண்டைக்கும் எல்லா ஒழுங்கையிலயும் கடல் நிக்குது. ஆண்டவருக்குத் தோத்திரம்!"

"ஏன் அக்கா, நேற்று கடலுக்கு லீவோ?"

"கோயிலில ஆண்டவர் இருக்கிறார் எண்டு ஆருக்கும் தெரியும். கோல் ரோட்டு நெரிசலில அவர் என்ன செய்யிறார் எண்டு பாக்கிறதுதான்ரா செபம்."

"பின்னால ஹோர்ன் அடிக்கிறார் அக்கா. அவசரமாம்."

இப்படித்தான் எங்கள் காலைச் செபம்.

வெள்ளிக்கிழமை மாலைகளில் அக்கா வீட்டில் செபக் கூட்டம். செபமாலை முடிந்ததும் பெரிய கேத்தலில் இருந்து எல்லாருக்கும் தேத்தண்ணி ஊற்றி முன்னால் வைப்பார். ஆனால் தொடக்கூடாது. அந்தக் கிழமையின் ஏழு நாளில் ஆண்டவர் தந்த ஒரு சந்தோஷத்தைச் சொன்னவர்தான் குடிக்கலாம். அற்புதம், தரிசனம் எல்லாம் செல்லாது. சின்னதாக இருக்கவேண்டும், சொந்தமாக இருக்கவேண்டும். நான் போனது தேத்தண்ணிக்காக. முறை வருமுன்பே களவாகக் குடித்து முடித்துவிட்டு, "இந்தக் கிழமை அக்கா ஒரு பாட்டைப் பாதியில மறந்திட்டா, அதுக்குத் தோத்திரம்" என்பேன். அக்காவின் குரலைக் கேட்டவர்களுக்கு இதற்கு விளக்கம் தேவையில்லை. "நீங்கள் பாடினா மாதாவே இறங்கி வருவா அக்கா, காதைப் பொத்திக்கொண்டு" என்று அவர் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறேன். அவர்தான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தார்.

அவரைப் புனிதையாக்கி எழுத என்னால் முடியாது. அவரிடம் இரக்கமில்லாத ஒரு பிடிவாதம் இருந்தது. முகத்துவாரத்துச் செல்வியின் புருஷன் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு அவள் முதல்தரம் கூட்டத்துக்கு வந்தாள். முறை வந்தது.

"எனக்கு ஒண்டுமில்லை" என்றாள்.

"அப்ப தேத்தண்ணியும் இல்லை" என்றார் அக்கா.

 எனக்கே கோபம் வந்தது, நான் எவ்வளவு கெட்டவன் என்று உங்களுக்குத் தெரியும். அக்கா செல்வியின் கோப்பையை எடுத்துக் கேத்தலுக்குள் திருப்பி ஊற்றினார். பிறகு தன்னுடைய கோப்பையையும் எடுத்து ஊற்றினார். "உனக்கு வரும்வரைக்கும் எனக்கும் இல்லை. சந்தோஷம் பஸ் இல்லை பிள்ளை, நிண்டா வராது. கோழி மாதிரி, துரத்திப் பிடிக்கோணும். நானும் உன்னோட ஓடுறன்."

செல்வி எழும்பிப் போய்விட்டாள். ஆனால் அடுத்த வெள்ளியும் வந்தாள். பல வெள்ளிகள் அவர்கள் இருவரும் வெறும் வாயோடு இருக்க, நாங்கள் தேத்தண்ணியைக் குடித்தோம். ஒரு நாள் செல்வி நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "மகனுக்குக் கொத்து ரொட்டி வாங்கிக் குடுத்தன். தகப்பன் மாதிரியே இஞ்சியைப் பொறுக்கிப் பொறுக்கி எறிஞ்சான்." சொல்லிவிட்டு அழுதாள். அக்கா அவளுக்கு ஊற்றின தேத்தண்ணியில் சீனி அரைவாசி இருந்திருக்கும்.

பிறகு அக்காவின் தொண்டையில் புற்றுநோய் வந்தது. பாட்டுக்காரியிடம் எதை எடுக்கலாம் என்று பார்த்து எடுத்திருக்கிறார் ஆண்டவர். நான் நக்கல்காரன் என்கிறீர்கள், அவரைப் பாருங்கள். குரல் போய்விட்டது. கழுத்தில் ஒரு ஓட்டை, அதற்குள் ஒரு குழாய். பார்க்க வந்த ஒரு அம்மா கட்டிலடியில் நின்று, "இவ்வளவு துதிச்ச உங்களுக்கே இப்பிடி எண்டா, எங்களுக்கு என்ன வைச்சிருக்கிறாரோ" என்று சொல்லிவிட்டு, கொண்டுவந்த தோடம்பழத்தைத் தானே உரித்துச் சாப்பிட்டார். அந்த அம்மா போனதும் நான் குனிந்து, "அக்கா, பாடகர் குழு நன்றிப் பூசை ஒப்புக்கொடுக்குதாம்" என்றேன். சிரிப்பு வாயால் வரவில்லை. ஓட்டையால் சீறிக்கொண்டு வந்தது. நர்ஸ் என்னை வெளியே துரத்தினாள்.

வீட்டுக்கு வந்த பிறகும் வெள்ளிக்கிழமை கூட்டத்தை அவர் நிறுத்தவில்லை. அவருடைய சந்தோஷத்தை யார் சொல்வது? தாளில் எழுதுங்கள் என்றோம். 'எழுதிக் குடுத்தா அது பெட்டிசன்' என்று உதட்டை அசைத்தார். எனக்கு மட்டும்தான் விளங்கியது, அதுவும் அலுமாரிக் கண்ணாடியில் பார்த்ததால். நேருக்கு நேர் பார்த்தால் ஒன்றும் பிடிபடாது. கண்ணாடியில் அவரைப் பார்த்தே பழகியவன் நான். ஆகவே வண்டிக் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு வந்து, அக்காவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்து, அதற்குள் அவர் உதட்டைப் பார்த்துக் கூட்டத்துக்குச் சொன்னேன். 'இண்டைக்குத் தண்ணி தொண்டையால இறங்கிச்சுது.' 'பக்கத்து வீட்டுக் குழந்தை என்ர குழாயைப் பாத்துப் பயப்பிடேல்லை.' நடுவில் நான் ஒரு சொல்லைக் கூட்டினாலும் முதுகில் குத்து விழும்.

கடைசி வெள்ளியும் வந்தது. கட்டிலைச் சுற்றி எல்லாரும் இருந்தோம். வலி மருந்துக்கு அடங்காத நாட்கள் அவை. கோப்பைகள் நிறைந்திருந்தன. கண்ணாடியைப் பிடித்தேன். அக்கா உதட்டை அசைத்தார். 

ஒண்டுமில்லை.

ஒரு பொய்யைச் சொல்லியிருக்கலாம். கடல், குழந்தை, தண்ணீர் என்று வாய்வரைக்கும் வந்தது. ஆனால் கண்ணாடியில் அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்காவுக்கு இந்தக் கிழமை ஒண்டுமில்லையாம்" என்றேன்.

செல்வி எழும்பினாள். தன்னுடைய கோப்பையைக் கேத்தலுக்குள் திருப்பி ஊற்றினாள். அடுத்தவர் ஊற்றினார். ஒவ்வொருவராக எல்லாரும் ஊற்றினார்கள், பாதரும் ஊற்றினார். கேத்தல் கடைசியாக என்னிடம் வந்து நின்றது.

"ஊத்துங்கோ அண்ணே" என்றாள் செல்வி.

நான் கோப்பையை மடிக்குள் மறைக்கப் பார்த்தேன். அவள் எட்டிப் பார்த்தாள்.

"ஐயோ, இந்த மனுஷன் முந்தியே குடிச்சு முடிச்சிட்டுது!"

என் முதுகுக்குப் பின்னால் சீறல் கேட்டது. மூச்சுத் திணறலாக்கும் என்று பயந்து கண்ணாடியைத் தூக்கினேன். அக்கா சிரித்துக்கொண்டிருந்தார். தோள் குலுங்கியது, வலியில் முகம் கோணியது, கண்ணால் நீர் ஓடியது, சிரிப்பு மட்டும் நிற்கவில்லை. பிறகு உதடு அசைந்தது.

இதைச் சொல்லு.

சொன்னேன். "அக்காவின்ர இந்தக் கிழமைச் சந்தோஷம்: ரூபன் முந்தியே குடிச்சிட்டான்." முதுகில் குத்து விழவில்லை. செல்வி ஒரு கரண்டித் தேத்தண்ணி எடுத்து அவர் உதட்டை நனைத்தாள். அடுத்த வெள்ளிக்கு முன் அவர் போய்விட்டார்.

இப்போது அந்தக் கண்ணாடி மறுபடியும் என் வண்டியில் இருக்கிறது. பின்சீட்டில் யார் ஏறினாலும் உதட்டைப் பார்க்கிறேன். ஒழுங்கைகளில் கடல் நிற்கிறதா என்றும் பார்க்கிறேன், நிற்கிறது. கேத்தலையும் கூட்டத்தையும் என் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். என்னைப் போல யாரும் முந்திக் குடிக்கக்கூடாது என்பதற்காக, எல்லாரும் சொல்லி முடித்த பிறகுதான் தேத்தண்ணி ஊற்றுவது என்று புதுச் சட்டமும் போட்டேன். முதல் வெள்ளி பாதர் சொன்னார், செல்வி சொன்னாள், நான் கடலைச் சொன்னேன். ஒருவர் விடாமல் எல்லாரும் சொல்லி முடித்தார்கள். குசினிக்குள் போய்க் கேத்தலைத் தூக்கினேன்.

அடுப்பை நான் பற்றவைத்திருக்கவில்லை.