பெருமாயி வைத்த சாறு

பெருமாயி புருஷனுக்கு மருந்து வைத்தாள் என்று எங்கள் மலையில், அரியூர் நாட்டில், இன்னும் சொல்லித் திரிகிறார்கள். அவர்கள் வாயில் மண் விழ! அவளுக்கு அடுத்த வீட்டுக்காரி நான். அவள் வைத்தது என்னவென்று எனக்குத் தெரியும்.

அது வெள்ளைக்காரன் காலம். மலைக்கு ரோடு கிடையாது, எல்லாம் தலைச்சுமைதான். அவள் புருஷன் அப்பாசாமி மிளகு மூட்டையோடு காளப்பநாயக்கன்பட்டிச் சந்தைக்கு இறங்கினால், வெறுங்கையோடு நடப்பவனே பின்தங்கிப்போவான். அந்தப் பெருமையிலேயே திரிந்த மனிதன். மலைக்காய்ச்சலில் விழுந்து எழுந்தபின் முழங்கால் இரண்டும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை.

அதற்குத்தான் பாறையில் முடவாட்டுக்கால் கிழங்கு ஒட்டிக்கிடக்கிறதே. தோலைச் சுரண்டித் தட்டி, மிளகு போட்டுச் சாறு வைத்தாள் பெருமாயி. அவன் சட்டியைத் தட்டிவிட்டான்.

"முடவன் குடிக்கிறத எனக்கு ஊத்தறயா? நான் முடவனா?"

ஒரு பேருக்காக இவ்வளவு வீம்பு! அவள் என்ன செய்வாள், பாவம்? கிழங்குச் சாற்றைக் கொள்ளு ரசத்தில் கலந்து, ஒன்றும் தெரியாதவள் போல ஊற்றினாள். அந்த மழைக்காலம் ஓய்வதற்குள் அவன் மறுபடி மூட்டை தூக்கினான்.

"பாத்தயா, எம்பட ஒடம்பு தானாத் தேறிருச்சு" என்று மார்தட்டினான். அவள் அடுப்புப் பக்கம் திரும்பிச் சிரித்துக்கொண்டாள்.

ஒளித்துக் கலப்பதை மாமியார் கண்ணாயி பார்த்துத் தொலைத்தாள். பெண்டாட்டி மறைத்து எதைக் கொடுத்தாலும் எங்கள் பக்கத்தில் ஒரே அர்த்தம்தான்: புருஷனை மயக்க மருந்து வைக்கிறாள். ஊர் கூடியது.

"முடவாட்டுத்தானுங்க. அவங்க கால் வலிக்குத்தானுங்க" என்று அழுதாள் பெருமாயி.

ஊர்க்கவுண்டர் அப்பாசாமியைக் கேட்டார். "ஏப்பா, உனக்குக் கால்ல வலி இருந்துச்சா?"

கூடச் சுமை தூக்குகிறவர்கள் எல்லாரும் அவனையே பார்த்தார்கள். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"இல்லீங்க. எனக்கு ஒரு வலியும் இல்லீங்க."

நான் வாயைத் திறந்தேன். பொம்பளைக்கு இங்கே என்ன பேச்சு என்று அடக்கிவிட்டார்கள். இனி மலையில் கால் வைக்கக் கூடாது என்று அவளைக் கீழே அனுப்பினார்கள்.

காளப்பநாயக்கன்பட்டியில் ஒரு பண்ணைக்காரர் வீட்டில் கம்பு குத்திப் பிழைத்தாள். மறுவருஷமே அப்பாசாமியின் கால் மடங்கிவிட்டது. கண்ணாயியும் போய்ச் சேர்ந்துவிட்டாள். அவனுக்குச் சாறு வைத்துக் கொடுக்க மலையில் ஒருத்திக்கும் துணிச்சல் வரவில்லை. கொடுத்தால் இவளும் மருந்து வைத்தாள் என்பார்களே!

சந்தைக்குப் போன ஒருநாள் நான் பெருமாயியைப் பார்க்கப் போயிருந்தேன். தடியை ஊன்றிக்கொண்டு அவன் வந்து நின்றான்.

"காலு தாங்க முடியல பெருமாயி. அந்த முடவாட்டுச் சாறு கொஞ்சம் வெச்சுக் குடு."

அவள் உலக்கையை நிறுத்தவில்லை.

"இந்தப் பேர அன்னிக்கு ஊர் முன்னால சொல்லியிருக்கலாமுங்களே. அது கீழ மொளைக்காதுங்க, மலையிலதான் மொளைக்கும். என்னையத்தான் மலையேறக் கூடாதுன்னுட்டீங்களே."