தங்காக் பயணத்தில் முன்னால் போகிறவள்

எங்கள் சைக்கிள் கூட்டத்தில் பதினோரு பேர். வருஷக் கடைசியில் கெலாங் பாத்தாவில் வாத்தியார் வீட்டில், கார் நிறுத்தும் கூரையடியில் கூடுவோம். வருகிற வருஷம் எந்த மாதம் எந்த ஊருக்குப் போவது என்று அங்கேதான் முடிவாகும். வாத்தியார் தமிழ்ப்பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர்தான் எங்கள் தலைவர். மேசையில் குதிரைப் படம் போட்ட புதுக் காலண்டரை விரித்து, நோன்பு மாதத்தையும் சீனப் பெருநாள் வாரத்தையும் முதலில் பென்சிலால் அடித்துவிடுவார். நோன்பு மாதத்தில் வழிக்கடைகள் பகலில் பூட்டிக் கிடக்கும். பெருநாள் வாரத்தில் ரோடு முழுக்கக் கார். மீதி இருக்கிற நாட்களில்தான் எங்கள் பயணங்கள்.

ஒரு பயணத்துக்கு ஒருவர் பாதை போட வேண்டும். பாதை போட்டவர்தான் முன்னால் போவார், மூட்டை முடிச்சோடு ஒரு வேன் பின்னால் வரும். எங்கே தண்ணீர், எங்கே சாப்பாடு, எங்கே தங்குவது என்று தாளில் எழுதிக் கொண்டுவர வேண்டும். சேர்ந்து நாலு வருஷமாகியும் என் முறை மட்டும் வரவே இல்லை. யாரும் வாய் விட்டுச் சொல்லவில்லை, ஆனால் காரணம் எனக்குத் தெரியும். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாவது வரை படித்தவள் நான். தமிழை எழுத்துக்கூட்டி எழுதுவேன், இதையும் அப்படித்தான் எழுதுகிறேன். ரோட்டுப் பலகையில் இருக்கும் மலாய் எழுத்து எனக்கு ஓடாது. அதற்காக ரோடு தெரியாதவள் ஆகிவிடுவேனா? பதினாறு வயதிலிருந்து இரண்டு பக்கமும் ரப்பர் பால் வாளியைத் தொங்கவிட்டுக்கொண்டு செம்மண் மேட்டில் மிதித்தவள். எழுபத்திரண்டு வயதில் கியர் சைக்கிள் கைக்கு வந்தபோது, இவ்வளவு சுலபமா என்றுதான் தோன்றியது.

இந்த வருஷம் கூட்டத்துக்கு ஒரு மாதம் முன்னாலேயே நானே போய்க் கேட்டேன். துணிக்கடைகளுக்குப் பேர்போன தங்காக் வரைக்கும் போகிற பயணத்துக்கு நான் பாதை போடுகிறேன் என்றேன். வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, சரி, ஒரு மாதம் தருகிறேன் என்றார்.

பஸ் ஏறினேன். பொந்தியானில் மாறி, பெனூட் வழியாகப் பத்து பாகாட் வரைக்கும் ஒரு நாள். அங்கிருந்து மூவார், தங்காக் இன்னொரு நாள். இடது பக்க ஜன்னலோரமாகவே உட்கார்ந்தேன். சைக்கிள் போவது அந்த ஓரத்தில்தானே. முதல் தடவை பெனூட் தாண்டியதும் மழை பிடித்துக் கண்ணாடி முழுக்கப் புகை மாதிரி ஆகிவிட்டது, ஒன்றும் தெரியவில்லை. அடுத்த வாரம் அதே பஸ்ஸில் மறுபடி போனேன். பார்த்ததை எல்லாம் மகளின் பழைய ஆபீஸ் தாள்களின் பின்பக்கத்தில் படமாகப் போட்டேன். பெட்ரோல் நிலையம், பள்ளிவாசல், கூரை உள்ள பஸ் நிறுத்தம், பாலம் ஏறுகிற இடம். எந்த இடத்தில் நிழல் விட்டுப்போகிறது என்பதற்கு மட்டும் தனியாக ஒரு கோடு. பதினெட்டுத் தாள் வந்தது.

கூட்டத்தன்று அதை மேசையில் வரிசையாகப் பரப்பினேன். முதல் நாள் பெனூட், இரண்டாம் நாள் பத்து பாகாட், மூன்றாம் நாள் மூவார், நான்காம் நாள் வெயில் ஏறுவதற்குள் தங்காக் என்றேன். தொழிற்சாலையில் மெஷின் பார்க்கிற தம்பி ஒருவன் எங்கள் கூட்டத்தில் இருக்கிறான். நாற்பது வயது, வாய் மட்டும் இருபது.

"நாலு நாளா? நடந்தே போயிடலாம் லா, பெரியம்மா."

"போன தடவ பொந்தியான் போறப்ப கால் இழுத்துக்கிச்சின்னு வேன்ல ஏறினது யாரு தம்பி?"

அவன் தண்ணீர் குடிக்கப் போய்விட்டான். வாத்தியார் ஒவ்வொரு தாளாகக் கேட்டுக் கேட்டுப் பார்த்தார். அவர் போனில் பார்த்துப் போட்டிருந்த இரண்டு நாள் பாதையில், மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் மரமே இல்லாத நீட்டு ரோடு ஒன்று இருந்தது. போனில் அது தெரியாது. அதை நான் காட்டியதும், ஏழாம் மாதத்துப் பயணம் அக்காவின் பாதைதான் என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது.

அதற்குப் பிறகுதான் தயங்கித் தயங்கி அடுத்ததைச் சொன்னார்.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. உங்க மக போன் பண்ணினாங்க. நாலு நாள் அம்மாவ ரோட்ல விட வேணாம்னு சொல்றாங்க. பாதை உங்களோடதுதான். நீங்க மட்டும் வேன்ல வந்துடுங்க."

மகள் சிங்கப்பூரில் வேலை. தினமும் பாலம் தாண்டிப் போய் வருகிறாள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பாதையை எடுத்துக்கொண்டு என்னை மூட்டையோடு மூட்டையாக ஏற்றப் பார்க்கிறார்கள். தாள்களை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்க ஆரம்பித்தேன்.

அதை வைத்துவிட்டுப் போங்கள், பார்த்துப் போய்க்கொள்கிறோம் என்றான் தம்பி. படித்துக் காட்டு என்று ஒரு தாளை நீட்டினேன். பள்ளிவாசலைப் பார்த்து வெங்காயம் என்றான். பஸ் நிறுத்தத்தைக் கட்டில் என்றான். வாத்தியார் வாங்கிப் பார்த்தார், நிழலுக்காகப் போட்ட கோட்டைப் பார்த்து, ஓடுகிற ஆறு என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். சரி, நீங்கள் சொல்லுங்கள், நான் எழுதிக்கொள்கிறேன் என்று வாத்தியார் பேனாவைத் திறந்தார்.

"எழுத வேணாம் சார். வேன் பின்னாலதான வரும்? பின்னால ஒக்காந்துகிட்டு முன்னால போறவங்களுக்கு எப்படி வழி சொல்றது? வேன் தங்காக்ல வாங்கற துணிமூட்டைக்கு. எனக்கில்ல."

வாத்தியார் பேனாவை மூடினார். போனை எடுத்து என் மகளைக் கூப்பிட்டு என் கையில் கொடுத்துவிட்டார்.

அவளுக்கு வேலை நேரம். சண்டை போடவில்லை நான். பாதையை நாலு நாளாகப் போட்டிருக்கிறேன், மதிய வெயிலில் மிதிப்பதில்லை, கூட வருகிற பெண்களில் ஒருவர் ஓய்வுபெற்ற ஆஸ்பத்திரித் தாதி என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். பஸ்ஸில் போய்ப் பார்த்து வந்ததையும் சொன்னேன். அது அவளுக்குத் தெரியாது, கோயிலுக்குப் போயிருக்கிறேன் என்று நினைத்திருந்தாள்.

"அந்தப் பழைய ஹெல்மெட்டப் போட்டுகிட்டுப் போகாதீங்கம்மா. புதுசு வாங்கிட்டு வரேன்" என்றாள்.

போனைத் திருப்பிக் கொடுத்தேன். ஏழாம் மாதத்துக் கட்டத்தில் வாத்தியார் வட்டம் போட்டார்.

முன்னால் போகிறவர் சொல்லுக்கு மற்றவர்கள் கட்டுப்பட வேண்டும் என்பது எங்கள் கூட்டத்து விதி. இதுவரை மற்றவர்கள் சொல்லுக்கே கட்டுப்பட்டு வந்தவள் நான். அன்றைக்கே என் முதல் சொல்லைச் சொல்லிவிட்டேன். நாலு நாளும் தம்பி எனக்கு நேர் பின்னால்தான் வர வேண்டும், முந்தக் கூடாது. சரி பெரியம்மா என்றான். சிரிக்காமல்தான் சொன்னான்.