வாழைப்பழத்துக்கு நாடி உண்டு

ஜபாங்கின் மணிக்கட்டுகள் இரண்டும் கன்னங்கரேலென்று இருக்கும். இபான் பழங்குடி ஆண்பிள்ளை இளவயதில் ஊரைவிட்டுப் போய்ப் பிழைத்துத் திரும்பினால், போன இடத்துக்கு ஒன்றாகப் பச்சை குத்திக்கொள்வது வழக்கம். பிந்துலு மரக்கிடங்குக்கு இடது கை, மீரி எண்ணெய்க் கிணற்றுக்கு வலது கை. சுற்றியது போதும் என்று ராஜாங் ஆற்றுக்கே திரும்பி வந்தவர், காப்பிட் துறையில் விரைவுப் படகின் சுக்கானைப் பிடித்தார். பிடித்த பிடியை விடவில்லை. தண்ணீர் சுழிக்கிற விதத்தைப் பார்த்தே அடியில் பாறை எங்கே என்று சொல்லிவிடுவார். சொல்வதோடு நிற்காமல் நாலு பேரிடம் பீற்றிக்கொள்ளவும் செய்வார்.

அப்படிப்பட்டவர் ஒரு காலையில் துறையை நெருங்கும்போது கண் இருட்டிச் சுக்கான்மேலேயே சரிந்தார். படகு மிதவையில் முட்டி நின்றது. ஆளுக்குச் சேதமில்லை, ஒரு கூடைக் கோழி மட்டும் ஆற்றோடு போனது. ஜபாங் உடனே எழுந்து, "தூக்கம் பத்தல" என்று சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

படகு முதலாளி தியோங்குக்கு அந்தப் பதில் இறங்கவில்லை. நாடி பார்க்கிற கைக்கடிகாரமாக வாங்கிவந்து எல்லாப் படகோட்டிகள் கையிலும் கட்டிவிட்டார்.

"ஜபாங்கு, ஒரு வாரம் இதக் கழட்டக் கூடாது. நாடி ஒழுங்கா ஓடுச்சுன்னா சுக்கான் உனக்கு. இல்லன்னா டிக்கெட்டு கிழி. அதுவரைக்கும் படகுல சும்மா உக்காந்து வா."

டிக்கெட் கிழிப்பதைவிட ஆற்றில் குதிப்பது மேல் என்று ஜபாங் நினைத்தார்.

மற்றவர்கள் கையில் எண் எண்ணாக ஓடியது. அவர் கையில் மட்டும் எண்ணுக்குப் பதில் இரண்டு கோடு. வலது கைக்கு மாற்றினால் அங்கேயும் கோடு. சாயங்காலம் தியோங் தன் கைப்பேசியில் பார்த்துவிட்டுக் குதித்தார்.

"நாள் முழுக்கக் கழட்டி வச்சிட்டு என்னை ஏமாத்தறியா?"

"கழட்டலீங்க முதலாளி!"

"அப்ப நீ செத்துட்டியா?"

ஊரே ஒரு கூரையின்கீழ் குடியிருக்கும் நீள்வீட்டில் இந்தச் செய்தி வேறு மாதிரி முளைத்தது. நாடி இல்லையென்றால் ஆவி உடம்பை விட்டு எங்கோ உலாத்தப் போயிருக்கிறது என்று அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் முடிவு கட்டின. ஒரு வெள்ளைச் சேவலைத் தூக்கி வந்து, அவர் தலைக்குமேல் சுற்றி ஆவியைக் கூப்பிட்டார்கள். ஜபாங்கும் பயபக்தியோடு உட்கார்ந்திருந்தார். சேவலுக்குத்தான் தலை சுற்றியிருக்கும். கடிகாரத்தில் அதே இரண்டு கோடு.

"ஏங்க, எங்கிட்டக் குடுங்க" என்று அவர் மனைவி லுன்சா வாங்கித் தன் கையில் கட்டினாள். பளிச்சென்று எழுபத்தாறு. ஜபாங் கடிகாரத்தைக் கழற்றித் திருப்பிப் பார்த்தார். அடியில் பச்சை விளக்கொன்று மினுக்கியது. அதை லுன்சாவின் தோலருகே பிடித்தால் தோல் ஒளிர்ந்தது. தன் கறுப்பு மைமேல் பிடித்தால் வெளிச்சம் போன இடம் தெரியவில்லை. மை குடித்துவிடுகிறது! மனுஷனுக்குச் சின்னப் பிள்ளை போல உற்சாகம் பிடித்துக்கொண்டது. கண்ணில் பட்டதிலெல்லாம் அதைக் கட்டிப் பார்த்தார். உலக்கையில் ஒன்றுமில்லை. லுன்சா சந்தைக்கு எடுத்து வைத்திருந்த வாழைப்பழத்தில் கட்டினார். சற்று யோசித்துவிட்டு, எண்பத்து நான்கு என்றது கடிகாரம்.

"பழத்துக்கு ஆவி இருக்கு, உங்களுக்குத்தான் இல்ல" என்றாள் லுன்சா. சொல்லிவிட்டு முகம் வாடிப்போனாள். "விளையாடாதீங்க. அன்னிக்கு விழுந்தீங்களே, அது என்னன்னு பாருங்க."

அவர் காதில் பழம் மட்டும்தான் விழுந்தது. மறுநாள் படகில் கடிகாரத்தைக் கணுக்காலில் கட்டிக்கொண்டார். இயந்திரம் உறுமி, தளம் அதிர அதிர, நாடியும் தாறுமாறாக ஏறியது. இயந்திரத்தை நிறுத்தியதும் இறங்கியது. அவ்வளவுதான், கடிகாரமே பொய் என்று பழத்தோடு நேரே தியோங்கின் கடைக்குப் போனார். கூட்டத்துக்கு நடுவே கடிகாரத்தைப் பழத்தில் கட்டிக் காட்டினார்.

"முதலாளி, இவருக்கு நாடி சுத்தமா இருக்கு. சுக்கானை இவர்கிட்டக் குடுங்க."

துறையே சிரித்தது. தியோங்குக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "சரிய்யா, வாட்ச்சு வேணாம். சிபு ஆஸ்பத்திரியில நெஞ்சுல ஒயர் ஒட்டி நாள் முழுக்கப் பாப்பாங்க. அது சரின்னு சொன்னா, நானே சாவியக் கையில குடுக்கறேன்."

ஜபாங் நெஞ்சில் ஒயர்களோடு ஒரு நாள் முழுக்கச் சிபுவைச் சுற்றினார். போகிற இடமெல்லாம் வாழைப்பழக் கதைதான். மறுநாள் மருத்துவரம்மா சிரிக்கவில்லை.

"அண்ணே, உங்க நெஞ்சு நடுவுல நடுவுல நின்னு நின்னு ஓடுது. அதான் அன்னிக்குக் கண்ணு இருட்டிருக்கு."

"எப்ப நின்னுச்சு? அப்ப நான் என்ன செஞ்சிட்டிருந்தேன்?"

மருத்துவர் நேரத்தைச் சொன்னார். ஜபாங் யோசித்தார். ஆஸ்பத்திரி வாசலில், காப்பிக் கடையில், பத்துப் பேர் சிரிக்கச் சிரிக்கப் பழத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்த நேரம் அது. அப்போது லேசாகத் தலை கிறங்கியிருந்தது. சிரித்த கிறக்கம் என்று நினைத்திருந்தார்.

"நெஞ்சுல சின்னக் கருவி ஒண்ணு வைக்கலாம். வச்சு, நல்லா ஓடுதான்னு பாத்தப்புறம் சுக்கானப் பத்திப் பேசுவோம். முதலாளிகிட்ட நீங்கதான் சொல்லணும்."

காப்பிட் துறையில் இறங்கியதும், "பழம் வந்துட்டாரு!" என்று கூவினார்கள். ஆற்றில் மேலே போகிற படகில் ஆட்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். கைக்குழந்தையோடு ஒருத்தி முன்வரிசையில் இடம் பிடித்து உட்கார்ந்தாள். தியோங் சாவியை நீட்டினார்.

"என்ன, எல்லாம் சரிதான? வாட்ச்சுதான பொய்யி?"

ஆமாம் என்று ஒரு சொல் போதும். அவர் சொன்னால் நம்ப ஊரே காத்திருந்தது. முழுப் பூசணிக்காயையும் மறைக்கிற அளவு சோறு தயாராக இருந்தது. ஜபாங் சாவியை வாங்கினார். உள்ளங்கையில் அது சில்லென்றிருந்தது. லுன்சா கூட்டத்துக்குப் பின்னால் நின்று அவர் முகத்தையே பார்த்தாள்.

"வாட்ச்சு பொய்தான், முதலாளி. ஆனா நெஞ்சு நின்னு நின்னுதான் ஓடுது. அது நெசம்."

சாவியைத் திருப்பிக் கொடுக்கும்போது அழுகை வந்தது; அவர் மறைக்கவில்லை. வேறொருவர் சுக்கானைப் பிடிக்க, படகு சீறிக்கொண்டு கிளம்பியது. இத்தனை காலமும் உள்ளேயே இருந்துவிட்டவருக்கு, அது இவ்வளவு வேகமாகப் போகும் என்று கரையில் நின்று பார்த்தபோதுதான் தெரிந்தது.